அறுபடும் தொடர்பும் பழுதறியும் கலையும்



வீட்டுக்கு இணையம் வந்தபின், அதனோடு கூடவே வந்து சேர்ந்த முறைப்பாடு ஒன்று உண்டு. "வருகுது, போகுது" என்பதே அது. பிள்ளை பாடம் கேட்டுக்கொண்டிருக்கையில் ஆசிரியரின் முகம் திரையில் அசைவற்று நிற்கிறது. கனடாவிலிருந்து மகன் பேசுகையிற் சொல்லின் முற்பாதி வந்து சேர, பிற்பாதி வழியிலே தொலைகிறது. சற்று நேரத்தில் எல்லாம் தாமாகவே சீரடைகின்றன. தொடர்பு முற்றாக அறுந்துவிட்டால் அதனைப் பழுது என்று எவரும் ஒப்புக்கொள்வர். அறுந்தும் அறாமலும் கிடக்கும் தொடர்போ, பழுது பார்ப்பவர் வாசலிற் கால்வைக்கும் வேளையில் நல்ல பிள்ளையாகிவிடுகிறது. விட்டுவிட்டு வரும் காய்ச்சல், வைத்தியர் நாடி பிடிக்கும் நேரத்தில் தணிந்திருப்பதைப் போன்றது இது.

இந்நோய் இணையத்தோடு பிறந்ததன்று. மின்சாரத்தைக் கொண்டு மனிதன் செய்தி அனுப்பத் தொடங்கிய காலத்திலேயே தோன்றிவிட்டது. அதனைக் கண்டறியும் கலையும் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக வளர்ந்து வந்துள்ளது. நான் கலைப் பட்டதாரி, பொறியியல் கற்றவனல்லன். ஆயினும் வரலாற்றைப் படிப்பவனுக்கு இங்கே வியப்புக்குரிய ஒற்றுமை ஒன்று புலப்படுகிறது. ஆழ்கடலின் அடியிற் பழுதான கம்பியை 1860களில் எவ்வாறு தேடினார்களோ, அவ்வாறுதான் இன்று ஒரு கிராமத்து வீட்டில் அறுபடும் இணையத்தையும் தேட வேண்டியிருக்கிறது. கருவிகள் மாறின, தேடும் ஒழுங்கு மாறவில்லை.

எமது முரசுமோட்டை, பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதியில், இரணைமடுக் குளத்து நீரை நம்பி வாழும் வயற்கிராமம். தொலைவுக்குச் செய்தி சொன்ன பழைய கருவியாகிய முரசு எங்கள் ஊர்ப்பெயரிலே ஒலிப்பதை எண்ணி நான் சில வேளை மகிழ்வதுண்டு. அது கிடக்க, எங்கள் கமக்காரர் பழுதறியும் கலையை நூல் பாராமலே அறிந்தவர்கள். வயலுக்கு நீர் வரவில்லையானால் அவர்கள் எடுத்த எடுப்பிலே குளத்துத் துருசுக்கு ஓடுவதில்லை. முதலில் தம் வயல்வாயைப் பார்ப்பர். பிறகு கிளை வாய்க்காலைப் பார்ப்பர். அயல்வயலுக்கு நீர் பாய்கிறதா என்று கேட்பர். அயல்வயலுக்குப் பாய்ந்து தம் வயலுக்குப் பாயாவிடின், அடைப்பு அவ்விரண்டுக்கும் இடையிலேதான் இருத்தல் வேண்டும். தந்திப் பொறியியலாளர் பெரும் பொருட்செலவிற் கற்றுக்கொண்ட பாடமும் இதுவேதான்.

இலங்கையின் தந்தி வரலாறு 1858ஆம் ஆண்டில், கொழும்பையும் காலியையும் இணைத்த கம்பியோடு தொடங்குகிறது. ஐரோப்பாவிலிருந்து தபால் கொணரும் நீராவிக் கப்பல்கள் அந்நாளிற் காலித் துறைமுகத்திலேயே தங்கிச் சென்றன. ஆதலால் உலகச் செய்தி யாவும் காலியில் இறங்கிப் பின்னரே கொழும்பை அடைந்தன. தந்தி வருமுன், கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை காலியிலிருந்து செய்தி கொண்டுவரப் புறாக்களைப் பழக்கி வைத்திருந்தது. அந்தப் புறாக்களின் தொழிலைக் கம்பி பறித்துக்கொண்டது. ஆனால் புறா ஒன்று வராவிடின், பருந்து அடித்ததோ வழி தவறியதோ என்று எண்ணி அடுத்த புறாவை விடலாம். கம்பி பேசாவிடின், பல மைல் நீளத்தில் எந்த இடத்தில் அது ஊமையாயிற்று என்று எப்படி அறிவது? இக்கேள்வி அன்றுவரை மனித குலத்துக்கு எழாத கேள்வி.

அதே 1858ஆம் ஆண்டில் மன்னார் வழியாகக் கடலைக் கடந்து இந்தியாவோடும் தந்தித் தொடர்பு ஏற்பட்டது. அப்பால் இந்தியாவிற் கம்பி நாட்டும் பணியை நடத்திவந்தவர் வில்லியம் ஓஷோனசி என்னும் வைத்தியர். கல்கத்தா மருத்துவக் கல்லூரியில் இரசாயனம் கற்பித்த அவர், 1839இலேயே அந்நகரின் அருகே பரிசோதனைத் தந்தி ஒன்றை அமைத்துப் பார்த்தவர். மேனாட்டு மெல்லிய கம்பி இந்நாட்டுக் குரங்குகளுக்கும் பறவைகளுக்கும் புயலுக்கும் ஈடுகொடாது என்று கண்டு, தடித்த இரும்புக் கோல்களை மூங்கிற் கம்பங்களின்மேல் ஏற்றினார். ஒரு நாட்டிற் பழுது எங்கிருந்து வரும் என்பதை அந்நாட்டைப் பார்த்தே அறிதல் வேண்டும் என்பதற்கு இது நல்ல சான்று. இலண்டனில் எழுதிய கைந்நூலைக் கொண்டு வங்காளத்துக் குரங்கை விரட்ட முடியாதன்றோ?

ஆயினும் பழுதறியும் கலை பிறந்த இடம் நிலமன்று, கடல். அதே 1858ஆம் ஆண்டு ஓகஸ்ட் 5ஆந் திகதி, அயர்லாந்தின் வலன்சியாத் தீவையும் வட அமெரிக்காவின் நியூபவுண்லாந்தையும் இணைத்து அத்திலாந்திக் சமுத்திரத்தின் அடியில் முதற் கம்பி இடப்பட்டு முடிந்தது. விக்ரோறியா மகாராணி அமெரிக்க சனாதிபதி புக்கானனுக்கு விடுத்த வாழ்த்து 98 சொற்களைக் கொண்டது. அது சென்று சேர ஏறக்குறைய 16 மணி நேரம் எடுத்தது. இரு கண்டங்களும் கொண்டாடின. ஆனால் கம்பியோ தொடக்கத்திலிருந்தே நோயாளி. ஒரு வேளை எழுத்துக்கள் தெளிவாக வந்தன, மறுவேளை மங்கின, சில வேளை ஒன்றும் வரவில்லை. இன்று நாம் சொல்லும் "வருகுது, போகுது" என்ற முறைப்பாட்டை அத்திலாந்திக்கின் இருகரையிலும் இருந்த தந்தியாளர்கள் அன்றே அனுபவித்தனர்.

அக்கம்பியின் மின்னியல் பொறுப்பை வகித்தவர் வைல்ட்மன் உவைற்ஹவுஸ் என்பவர். தொழிலால் அவரும் ஒரு வைத்தியரே. பிறைற்றன் நகரத்துச் சத்திரசிகிச்சையாளர். குரல் கேட்காவிடின் உரத்துப் பேசு என்பது அவர் கண்ட வழி. பெரிய சுருள்களை அமைத்து, ஏறத்தாழ 2000 வோல்ற்று அழுத்தத்தை அந்தக் கம்பியினுட் செலுத்தினார். ஏற்கெனவே நலிந்திருந்த கம்பியின் காப்பு உறை மேலும் சிதைந்தது. ஒரு மாதம் நிறையுமுன் கம்பி பயனற்றுப் போயிற்று. கம்பி செய்யப்பட்ட முறையிலும் வைத்திருந்த முறையிலும் குறைகள் இருந்தன என்பது உண்மை. பழி முழுவதையும் ஒருவர் தலையில் ஏற்றுவது நீதியன்று. எனினும் எங்கே நோய் என்று அறியாமல் மருந்தின் அளவைக் கூட்டிய செயலுக்கு அவர் பெயர் வரலாற்றில் நின்றுவிட்டது.

அவரோடு மாறுபட்டவர் கிளாஸ்கோப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வில்லியம் தொம்சன்; பிற்காலத்திற் கெல்வின் பிரபு என்று பெயர் பெற்றவர். மறுமுனையில் உரத்துக் கத்துவதிலும், இந்த முனையிற் செவியைக் கூர்மையாக்குவதே தக்கது என்பது அவர் கொள்கை. காந்த ஊசியோடு சிறு கண்ணாடித் துண்டொன்றை இணைத்து, அதிற் பட்டுத் தெறிக்கும் ஒளிப்புள்ளி அளவுகோலின்மேல் அசைவதைப் பார்க்கும் கல்வனோமானியை அவர் அமைத்தார். மிக நுண்ணிய மின்னோட்டத்துக்கும் அந்த ஒளிப்புள்ளி அசைந்தது. இவ்விருவரிடையே நிகழ்ந்த பிணக்கு, பழுதறியும் கலையின் வரலாற்றிற் பெரியதொரு திருப்பம். பலத்தைக் கூட்டுவதா, இடத்தைக் காண்பதா என்பதே அப்பிணக்கின் சாரம். இன்று சந்தைக்குச் சென்று மேலும் விலை கூடிய ரவுட்டர் ஒன்றை வாங்கி வருவோர் பலர், தாம் அறியாமலே உவைற்ஹவுசின் கட்சியைச் சேர்ந்தவராகின்றனர்.

அத்திலாந்திக் கம்பியை அடுத்து, 1859இலும் 1860இலும் செங்கடல் வழியாக இந்தியாவை நோக்கி இடப்பட்ட கம்பியும் பயன்தராது போயிற்று. பெருந்தொகைப் பணம் கடலில் மூழ்கவே, பிரித்தானிய அரசாங்கமும் அத்திலாந்திக் தந்திக் கம்பனியும் சேர்ந்து விசாரணைக் குழு ஒன்றை அமைத்தன. அக்குழு 1861இல் அறிக்கை வெளியிட்டது. அவ்விசாரணையில் வெளிப்பட்ட பெருங்குறை அளவையின் இன்மையே. ஒருவர் தம் கம்பியின் தடையை ஒரு விதமாகக் கூறினார். மற்றவர் வேறு விதமாகக் கூறினார். எல்லோருக்கும் பொதுவான அலகு இருக்கவில்லை. பொது அலகு இல்லாதவிடத்து "பழுது" என்பது வெறும் அபிப்பிராயமாகவே நின்றுவிடும். அதே ஆண்டிற் பிரித்தானிய விஞ்ஞான முன்னேற்றச் சங்கம் தடைக்கு அலகு வகுக்கக் குழுவொன்றை நியமித்தது. அம்முயற்சியின் வழியே வந்ததுதான் இன்று எங்கள் மாணவர் படிக்கும் ஓம் என்னும் அலகு. அந்தப் பெயருக்குரிய ஜோர்ஜ் சைமன் ஓம், தம் விதியை 1827இல் வெளியிட்டபோது ஜேர்மனியின் கொலோன் நகரப் பாடசாலையொன்றின் ஆசிரியராக இருந்தவர் என்பதைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

அளவு கிடைத்தபின், கடலுள் இறங்காமலே பழுதின் இடத்தைக் காண வழி பிறந்தது. ஒரு கம்பி மைலுக்கு 10 ஓம் தடையுடையது என்று வைத்துக்கொள்வோம். கரையில் நின்று அளக்கும்போது 240 ஓம் வருமாயின், பழுது 24 மைலில் என்று கூறலாம். ஆனால் பழுதுற்ற இடமே தனக்கென ஒரு தடையை உடையது. அதுவும் கணக்கிற் சேர்ந்து தூரத்தைக் கூட்டிக் காட்டும். கடல்நீர் புகுந்த இடத்திலோ அத்தடை நிமிடத்துக்கு நிமிடம் மாறும். இதற்கு மரே, வார்லி என்போரின் பெயரால் வழங்கும் வளையச் சோதனைகள் மாற்றுக் கண்டன. பழுதற்ற கம்பி ஒன்றைத் தூரத்து முனையிற் பழுதுற்ற கம்பியோடு முடிந்து வளையமாக்கினர். வளையத்தின் இரு பக்கங்களையும் உவீற்ஸ்ரன் பாலம் என்னும் மின்தராசில் வைத்து நிறுத்தனர். முள் நடுவே நிற்கும்போது, பழுதின் சொந்தத் தடை எவ்வளவாயினும் அது கணக்கிலிருந்து நீங்கிவிடும். எஞ்சுவது தூரம் மட்டுமே. நல்லதைப் பக்கத்தில் வைத்துக் கெட்டதை அளப்பது என்னும் இவ்வுபாயம், அயல்வயலைப் பார்க்கும் எங்கள் கமக்காரரின் உபாயமே.

இவ்விடத்து வானொலிக்கும் ஒரு வார்த்தை உரியது. இலங்கையில் ஒலிபரப்புப் பிறந்தது தந்தித் திணைக்களத்தின் மடியிலேதான். அத்திணைக்களத்தின் பிரதம பொறியியலாளராக வந்த எட்வேட் ஹாப்பர், 1920களின் முற்பகுதியிற் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்திலிருந்து பரிசோதனை ஒலிபரப்புகளை நடத்தினார். கைப்பற்றப்பட்ட ஜேர்மன் நீர்மூழ்கிக் கப்பலொன்றின் வானொலிக் கருவிப் பாகங்களை அதற்குப் பயன்படுத்தினார் என்பர். 1925 டிசம்பரிற் கொழும்பு வானொலி முறைப்படி தொடங்கியது. கம்பியில்லாமற் பேசக் கற்றபோது, அறுவதற்குக் கம்பி இல்லையே என்று சிலர் மகிழ்ந்திருக்கலாம். இடியும் மலையும் சுவரும் கம்பியின் இடத்தைப் பிடித்துக்கொண்டன.

வன்னி மக்களுக்குத் தொடர்பு அறுதல் என்பது பொறியியற் சொல் மட்டுமன்று. 1990ஆம் ஆண்டில் யுத்தம் மீண்டும் மூண்டபின், எங்கள் பகுதி தொலைபேசியும் மின்சாரமுமின்றி நெடுங்காலம் கிடந்தது. ஏ-9 வீதி 2002இல் திறக்கப்பட்டு 2006இல் மீண்டும் மூடப்பட்டது. உறவினரின் நலச்செய்தி செஞ்சிலுவைச் சங்கத்தின் திறந்த கடிதமாக, பல வாரம் கழிந்து வந்த காலம் எங்கள் நினைவில் உண்டு. 2009க்குப் பின் ஊர் திரும்பியோர், அறுந்த செப்புக் கம்பியைக் காத்திராமற் கைத்தொலைபேசிக் கோபுரங்களின் வழியே உலகத்தோடு பேசத் தொடங்கினர். ஆகவே எமது வீடுகளிற் பலவற்றுக்கு இணையம் இன்றும் வான்வழியே வருகிறது. இது பட்டினத்துக் கண்ணாடி இழைத் தொடர்பினின்றும் வேறுபட்டது. பழுதுகளும் வேறுபடும்.

இனி இணையத்தின் பிறப்புக்கு வருவோம். 1969 ஒக்ரோபர் 29ஆந் திகதி இரவு, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் பல்கலைக்கழகக் கணினியிலிருந்து ஸ்ரான்போட் ஆராய்ச்சி நிலையத்துக் கணினிக்கு முதற் செய்தி அனுப்பப்பட்டது. சார்ளி கிளைன் என்ற மாணவர், உள்நுழைவதற்குரிய ஐந்தெழுத்துச் சொல்லொன்றை எழுத்தெழுத்தாகத் தட்டினார். இரண்டாம் எழுத்துச் சென்று சேர்ந்தவுடன் மறுமுனைக் கணினி செயலிழந்தது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்தின் பின்னரே முழுச் சொல்லும் சென்றது. இணையத்தின் முதல் உரையாடலே அறுபட்ட உரையாடல் என்பதை, இணையம் அறுபடுகிறதே என்று வருந்தும் நேயர்கள் ஓர் ஆறுதலாகக் கொள்ளலாம்.

அவ்வமைப்பின் அடிப்படை எண்ணம், வழியில் இழப்பு நேரும் என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்வது. போல் பாரன் என்னும் அமெரிக்க ஆராய்ச்சியாளர், இடையிற் சில நிலையங்கள் அழிந்தாலும் செய்தி வேறு வழியாற் சென்று சேரத்தக்க வலையமைப்பை 1964இல் வெளியிட்ட அறிக்கைகளில் விவரித்தார். செய்தியைச் சிறு பொதிகளாகப் பிரித்து, அகப்பட்ட வழியால் ஒவ்வொன்றையும் விடுவது அம்முறை. பெருவீதி மூடப்பட்டபோது கிளாலிக் கடனீரேரியைப் படகிற் கடந்த மக்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1974இல் வின்ற் சேவ், பொப் கான் ஆகிய இருவரும் வெளியிட்ட விதிமுறை, தொலைந்த பொதியை மீண்டும் கேட்டுப் பெறும் ஒழுங்கைத் தந்தது. இதனால் ஒரு நன்மையும் ஒரு மயக்கமும் விளைந்தன. எழுத்தும் படமும் பார்க்கும்போது, நூறு பொதிகளிற் சில தொலைந்தாலும் அவை திரும்பக் கேட்டுப் பெறப்படுவதால், சற்றே தாமதம் என்பதன்றி வேறொன்றும் தெரியாது. பேச்சுக்கும் நேரடி வகுப்புக்குமோ காத்திருக்க நேரமில்லை, தொலைந்தது தொலைந்ததேயாகும். "பத்திரிகை வாசிக்க முடிகிறது, வகுப்பு மட்டும் அறுகிறது, ஆதலாற் பழுது வகுப்பில்" என்று பலர் தீர்மானிப்பது இம்மயக்கத்தாலேயே.

பொதி போய்ச் சேர்ந்ததா என்று கேட்க ஒரு கருவி வேண்டுமன்றோ? அமெரிக்க இராணுவ ஆராய்ச்சிக் கூடமொன்றிற் பணியாற்றிய மைக் மூஸ், 1983 டிசம்பரில் தம் வலையமைப்பிற் கோளாறு காணவே, ஒரே இரவிற் சிறு நிரல் ஒன்றை எழுதினார். அது மறுமுனைக்கு ஒரு பொதியை அனுப்பும். மறுமுனை அதனைத் திருப்பி விடும். சென்று மீண்ட நேரம் அளக்கப்படும். நீர்மூழ்கிக் கப்பலைத் தேட நீருள் அனுப்பும் ஒலியின் எதிரொலியை ஒத்திருந்தமையால், அவ்வொலியின் பெயரையே வைத்து அதனைப் பிங் என்று அழைத்தார். இன்று ஏறக்குறைய எல்லாக் கணினியிலும் அது உண்டு. அதனைப் பற்றி மூஸ் பின்னாளிற் பதிவு செய்த கதை ஒன்று சுவையானது. கட்டடமொன்றின் வலையமைப்பு விட்டுவிட்டு அறுந்துகொண்டிருந்தது. அதன் பொறுப்பாளர், ஒவ்வோர் எதிரொலி வரும்போதும் கணினி "பிங், பிங்" என்று உரத்துச் சொல்லுமாறு ஒலிபெருக்கியோடு இணைத்தார். பிறகு கட்டடம் முழுதும் நடந்து, கம்பிப் பொருத்துக்களை ஒவ்வொன்றாக அசைத்துக்கொண்டே சென்றார். ஒரு பொருத்தைத் தொட்டபோது ஒலி நின்றது. ஒளிந்து விளையாடிய பழுது பிடிபட்டது. தொம்சனின் ஒளிப்புள்ளிக்கும் இந்த ஒலிக்கும் இடையே 125 ஆண்டுகள் இருந்தும், இரண்டும் ஒரே குலத்தைச் சேர்ந்தவை.

கடற்கம்பியின் கதையும் முடிந்துவிடவில்லை. இப்போது அது செப்பன்று, தலைமயிரளவான கண்ணாடி இழை. உலகெங்கும் ஆண்டுதோறும் 150 முதல் 200 வரையான கடற்கம்பிப் பழுதுகள் நேர்கின்றன. அவற்றிற் பெரும்பாலானவை மீன்பிடி வலைகளாலும் கப்பல் நங்கூரங்களாலும் நேர்பவை. 2004 ஓகஸ்டிற் கொழும்புத் துறைமுகத்துக்கு வெளியே சரக்குக் கப்பல் ஒன்று நங்கூரமிட, இலங்கையை உலகோடு இணைத்த முதன்மைக் கம்பி அறுந்தது. நாடு முழுதும் இணையம் தளர்ந்தது. இன்று இழையின் ஒரு முனையில் ஒளித்துடிப்பைச் செலுத்தி, உடைந்த இடத்திலிருந்து திரும்பும் ஒளியின் நேரத்தை அளக்கின்றனர். கண்ணாடியுள் ஒளி செக்கனுக்கு ஏறத்தாழ 2 இலட்சம் கிலோமீற்றர் செல்லும். செக்கனின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் ஒளி திரும்பினால், பழுது 10 கிலோமீற்றரில் உள்ளது.

ஓர் அதிபர் இவ்வளவு தூரம் இதனை ஆராய்வானேன் என்று நேயர்கள் கேட்கலாம். 2020 மார்ச்சிற் கொள்ளைநோய் காரணமாகப் பாடசாலைகள் மூடப்பட்டு, வகுப்பு இணையத்துக்கு மாறியது. பதுளை மாவட்டத்துப் போகிட்டியாவக் கிராமத்துப் பிள்ளைகளும் ஆசிரியர்களும் சமிக்ஞை தேடிக் காட்டினூடே பாறையுச்சிக்கு ஏறிய செய்தியை 2021இல் உலகப் பத்திரிகைகள் வெளியிட்டன. எங்கள் பகுதிப் பிள்ளைகள் வேலியோரத்திலும் குளக்கட்டிலும் நின்று பாடம் கேட்டனர். வரவுப் பதிவேட்டில் வந்தவர், வராதவர் என இரண்டே குறிகள் உண்டு. வந்து அறுபட்டவருக்குக் குறி இல்லை. மூன்று முறை அறுபட்டு நான்காம் முறை நுழைய மனமில்லாது போன பிள்ளை, ஏட்டின்படி வராத பிள்ளை. பழுது எங்கே என்று எவரும் தேடாதவிடத்து, அது பிள்ளையின் குணத்திலே ஏற்றப்பட்டுவிடுகிறது. கொள்ளைநோய்க் காலம் கடந்துவிட்டாலும் மேலதிக வகுப்பும் விண்ணப்பமும் வங்கிக் கருமமும் இணையத்தைவிட்டு மீளவில்லை.

ஆதலின், கமக்காரரைப் பின்பற்றி வீட்டினுள்ளிருந்து வெளியே நடந்து பார்ப்போம். அறுபடுவது ஒரு கருவிக்கா, வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளுக்குமா என்பது முதற் கேள்வி. ஒன்றுக்கு மட்டுமாயின், ரவுட்டரையும் கோபுரத்தையும் நோவதிற் பயனில்லை, பழுது அக்கருவியிலே. எல்லாவற்றுக்குமாயின், ரவுட்டரின் அருகே சென்று அமர்ந்து பார்க்க வேண்டும். அருகிற் சீராகவும் அறையில் அறுபட்டும் இருந்தால், இடையில் நிற்பது சுவர் அல்லது தகரம். தகரமும் இரும்பு அலுமாரியும் வானொலி அலையைத் தடுத்துத் திருப்புவன. தண்ணீர்த் தாங்கியும் அதனை உறிஞ்சும். ரவுட்டரைத் தரையிலிருந்து உயர்த்தி, வீட்டின் நடுவே வைத்தாலே பல வீடுகளின் முறைப்பாடு தீரும். ஐயம் தீராவிடின், கணினியை ஒரு வயரினால் ரவுட்டரோடு நேரே இணைக்கலாம். அப்போதும் அறுந்தால் வைஃபை குற்றமற்றது என்று விடுவிக்கலாம்.

அடுத்த படி மூஸின் எதிரொலி. ரவுட்டரின் அடிப்புறத்தில் அதன் இலக்கம் அச்சிடப்பட்டிருக்கும். பெரும்பாலும் 192 என்று தொடங்கும். அந்த இலக்கத்துக்கு எதிரொலி கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். மறுபுறம், வெளியுலகிலுள்ள இலக்கமொன்றுக்கும் அதேவேளை கேட்க வேண்டும். தொடர்பு அறும் கணத்தில் இரண்டும் நின்றால் பழுது வீட்டினுள்ளே. ரவுட்டர் விடையிறுத்து, வெளியுலகம் விடையிறாவிடின் பழுது வாசலுக்கு அப்பால். இரு நிமிடத்தில் முடியும் இச்சோதனை, உலகத்தை இரண்டாகப் பிளந்து ஒரு பாதியை நம் கவலையிலிருந்து நீக்கிவிடுகிறது.

வாசலுக்கு அப்பாலும் நாம் அறியக்கூடியவை உண்டு. வான்வழித் தொடர்பாயின், ரவுட்டரைக் கோபுரம் இருக்கும் திசைச் சாளரத்தில் வைத்துப் பார்க்கலாம். இரு கோபுரங்களுக்கு நடுவே உள்ள வீட்டில் அது இங்கும் அங்குமாகத் தாவிக்கொண்டிருத்தல் கூடும்; இடத்தைச் சிறிது மாற்ற, ஒன்றைப் பற்றி நிற்கும். மாலை ஏழு மணி முதல் பத்து மணி வரை மட்டும் தளருமாயின் அது பழுதன்று, கூட்டம். ஒரு கோபுரத்தை ஊரே பகிர்ந்துகொள்கிறது. மாதக் கடைசியில் மட்டுமாயின் வாங்கிய அளவு தீர்ந்திருக்கலாம். மழைக்குப் பின் மட்டுமாயின், செப்புக் கம்பியுள்ள வீடுகளிற் பொருத்துகளில் நீர் புகுந்திருக்கும். கண்ணாடி இழை வந்த வீடுகளில், மெல்லிய வயரைச் சுவர் மூலையில் இறுக மடித்து ஆணி அடித்திருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். கூர்மையாக மடிந்த இடத்தில் ஒளி வெளியே கசிந்துவிடும்.

ஒரு வேளையில் ஒரு மாற்றமே செய்தல் வேண்டும். ரவுட்டரை நகர்த்தி, வயரையும் மாற்றி, கடவுச்சொல்லையும் புதுப்பித்துவிட்டால், எது மருந்தாயிற்று என்பது ஒருபோதும் தெரியாது. நிறுத்தி மீண்டும் இயக்குவதும் அப்படியே. அது பல வேளை குணமளிக்கும் என்பதை மறுக்கவில்லை; ஆனால் இயக்குமுன் எந்த விளக்கு எரிந்தது, எது அணைந்தது என்று பார்த்து எழுதிக்கொள்ளாவிடின், சான்று அழிந்துபோம்.

எழுதிவைத்தல் என்றேன். சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலை அலுவலகத்து இணையம் நாள்தோறும் அறுந்தது. சேவை வழங்குநரின் ஊழியர் இரு முறை வந்து ரவுட்டரை மாற்றினர், பயனில்லை. உயர்தர வகுப்பு மாணவி ஒருத்தியிடம் பழைய அப்பியாசக் கொப்பி ஒன்றைக் கொடுத்து, அறும் நேரத்தையும் அவ்வேளை அலுவலகத்தில் நடப்பதையும் குறிக்கச் சொன்னேன். இரண்டு வாரக் குறிப்பை அடுக்கிப் பார்த்தபோது, அறுந்த வேளைகள் யாவும் வினாத்தாள் பிரதியெடுக்கும் வேளைகளாக இருந்தன. பிரதியெடுக்கும் இயந்திரமும் ரவுட்டரும் ஒரே நீட்டு வயரிலிருந்து மின்சாரம் பெற்றன. அதன் செருகியோ தளர்ந்திருந்தது. இயந்திரம் சூடேறும்போது மின்னழுத்தம் ஒரு கணம் தாழ, ரவுட்டர் நின்று மறுபடி தொடங்கியது. வேறு செருகியில் மாற்றினோம்; அறுதல் நின்றது. அம்மாணவி ஓமின் விதியைப் படித்தவள். ஆனால் பழுதைப் பிடித்தது விதியன்று, கொப்பி.

இவ்வாறு உட்புறம் யாவும் பார்த்து முடித்தபின், பழுது வெளியிலே என்று தெளிந்தால், சேவை வழங்குநரிடம் முறையிடுவது நம் உரிமை. அங்கேயும் சொல்லும் முறை ஒன்று உண்டு. "உங்கள் இணையம் சரியில்லை" என்பது 1861க்கு முற்பட்ட தந்தியாளரின் பேச்சு. அதில் அளவு இல்லை. "திங்கள் முதல் வியாழன் வரை நான்கு நாட்கள், காலை 9.10க்கும் 9.40க்கும் இடையே, வயரினால் இணைத்த கணினிக்கு ரவுட்டர் விடை தந்தது, வெளியுலகம் விடை தரவில்லை, மின்சாரம் நிற்கவில்லை, மழையுமில்லை, அயல்வீட்டிலும் அவ்வேளை அப்படியே" என்று சொல்லி, முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம். அவ்வாறு கேட்டவர், ரவுட்டரை ஒருமுறை நிறுத்தி இயக்கிப் பாருங்கள் என்று சொல்லித் தொலைபேசியை வைத்துவிட இயலாது.